படிவத்தில் இடமில்லாதவர்கள்

நடுவணரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தராகப் பணியேற்று இருபத்திரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வரலாற்றில் பி.ஏ. பட்டமும், அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலமுமாகத் தமிழ்நாடு விரைவு வண்டியில் புதுதில்லி நிலையத்தில் வந்து இறங்கியவன், இன்று ஆய்வு நல்கைகளின் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவில் அமர்ந்திருக்கிறேன். பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் வரும் செலவுக் கணக்குகளும் பயன்பாட்டுச் சான்றிதழ்களும் என் மேசையைக் கடந்த பின்னரே அவற்றுக்கு அடுத்த தவணைப் பணம் செல்லும். அறிவியல் எனக்குத் தெரியாது. எண் தெரியும், விதி தெரியும், கூட்டல் தவறியிருந்தால் கண்டுபிடிக்கத் தெரியும். என் பணிக்கு அவ்வளவு போதும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணம் எவ்வாறு மாறிற்று என்பதைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். மாற்றியவள் என் அக்காள் மகள். அவள் பெயரை இங்கு எழுதவில்லை; எழுதினால் கோபித்துக்கொள்வாள்.

படிப்பா, வேலையா?

கும்பகோணத்துக்கு அருகே சிற்றூர் ஒன்றில் பிறந்து, உயிர்வேதியியலில் முதுகலை முடித்து, சென்னையில் முனைவர் பட்டமும் பெற்றவள் அவள். 2022ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தில்லியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் காசநோய்க் கிருமியை ஆராயும் பணிக்கு வந்து சேர்ந்தாள். முனைவர் பட்டம் பெற்ற பின்னரும், ஆசிரியப் பணி கிட்டும் முன்னரும், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆராய்ச்சி செய்யும் நிலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'போஸ்ட்-டாக்டரல் ஃபெலோ' என்பர். எங்கள் கோப்புகளில் 'ரிசர்ச் அசோசியேட்' என்று எழுதுவோம். தச்சுத் தொழிலை முழுமையாகக் கற்ற ஒருவன், தனிப்பட்டறை வைக்கும் முன்னர்ப் பெரிய ஆசாரி ஒருவரிடம் சில ஆண்டுகள் நின்று நுட்பம் பயில்வதில்லையா? அதைப் போன்ற நிலை என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியோர்க்கு விளங்கும்.

ஆனால் என் அக்காளுக்கு அவ்வளவு எளிதில் விளங்கவில்லை. மாதம் இருமுறையேனும் தொலைபேசியில் கேட்பாள்: "ஏன்டா, வரன் கேட்டு வருகிறவர்களிடம் இவள் படிக்கிறாள் என்று சொல்வதா, வேலை பார்க்கிறாள் என்று சொல்வதா? முப்பது வயதாகிறது. இன்னமும் படிப்பு என்றால் சிரிக்கிறார்கள். வேலை என்றால், நிரந்தரமா என்று கேட்கிறார்கள்." நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். ஊர்ப்புறத்து அறியாமை என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

அதே கேள்வியைப் பல்கலைக்கழகமும் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. விடுதிக்கு விண்ணப்பித்தாள், 'நீர் மாணவர் அல்லர்' என்றார்கள். பணியாளர் குடியிருப்பில் ஓர் அறை கேட்டாள். 'நீர் பணியாளர் அல்லர்' என்றார்கள். நூலகத்தில் மாணவர்க்கு இத்தனை நூல், ஆசிரியர்க்கு இத்தனை நூல் என்று வரையறை இருந்தது. இவள் எதிலும் அடங்காமையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிகச் சீட்டு ஒன்று கிடைத்தது. அடையாள அட்டை வரவே நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை நாள்தோறும் வாயிற்காவலரிடம் இருந்த பார்வையாளர் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டே உள்ளே செல்வாள். 'வருகையின் நோக்கம்' என்னும் இடத்தில் 'ஆய்வு' என்று எழுதி வந்தவள், சலிப்புற்ற ஒரு நாள் 'காசநோய்' என்று எழுதிவிட்டாளாம். காவலர் இரண்டடி பின்வாங்கிக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார் என்று ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

அவளை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளத்தான் என் மனைவி விரும்பினாள். தடுத்தவன் நானே. நாங்கள் இருப்பது அரசுக் குடியிருப்பு. அதைப் பகிர்ந்துகொண்டால் அவளுக்கு வாடகைப்படி கிட்டாது என்று விதியை எடுத்துக் காட்டினேன். மூன்று வாரம் எங்களுடன் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அருகே தனியறை பார்த்துக்கொண்டு போனாள். அவ்வறை கிடைப்பதற்குள் ஏழு வீட்டுக்காரர்கள் 'என்ன உத்தியோகம்' என்று கேட்டார்கள். விடை சொல்ல அவளுக்கு ஒரு சொல் இல்லை.

கிருமியின் காலமும் கோப்பின் காலமும்

அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் கேட்டேன். எனக்கு விளங்கும்படி சொன்னாள். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிர், நல்ல உணவும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமி அவ்வாறு பெருக ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எனவே, வளர்தட்டில் அதைக் கண்ணால் காணவே மூன்று நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டும். இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டில் அக்கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அது நம் உடலின் காவல் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து மறைந்து வாழும் வித்தை முழுதும் விளங்கவில்லை. அந்த ஒளிவிடத்தைத்தான் அவள் ஆராய்ந்தாள்.

அக்காவல் உயிரணுக்களைக் கண்ணாடிக் குடுவையிலும் நெகிழித் தட்டிலும் 37 பாகை வெப்பத்தில் வளர்ப்பார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவற்றின் ஊட்டநீரை மாற்ற வேண்டும். தீபாவளி என்றோ பொங்கல் என்றோ அவற்றுக்குத் தெரியாது. 2023ஆம் ஆண்டுத் தீபாவளியன்று எங்கள் வீட்டில் இட்டலி உண்டு கொண்டிருந்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "குழந்தைகளுக்குப் பசிக்கும் அத்தை" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, வெடிப்புகை மண்டிய தெருவில் மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்தாள். அவ்வாறு வளர்த்த உயிர்களுக்கும், நோய் ஏற்றப்பட்ட எலிகளுக்கும் நாள்கணக்கு உண்டு. குறித்த நாளில் குறித்த மருந்துப்பொருள் கைக்கு வராவிடில் மூன்று மாத உழைப்பு முழுதும் வீண்.

இந்தக் காசநோய் ஆய்வில் நம்மவர் பெருமைப்பட ஒரு வரலாறு உண்டு என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வரலாறு படித்தவன் அன்று நாணினேன். 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கைகோத்தன. நோயாளி மருத்துவ விடுதியில் மாதக்கணக்கில் படுத்திருந்தால்தான் குணமாவான் என்பது அந்நாளைய நம்பிக்கை. சென்னையின் ஏழை மக்களை அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்து, விடுதியில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் அதே பயனைத் தருகிறது என்னும் முடிவு 1959இல் வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் அம்முடிவுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நிலையம் இன்றும் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

"அந்த ஆய்வில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி மருந்து உண்டாரா என்று பார்த்த பணியாளர்கள் இருந்தார்கள் மாமா. அவர்கள் இல்லையேல் அந்த ஆய்வே இல்லை" என்றாள். அப்போது அது எனக்குச் சொல்லப்பட்ட செய்தியாகத் தோன்றவில்லை.

இருநூற்றுப் பதினான்கு ரூபாய்

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஞாயிறு ஒன்றில், உணவு பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி திடீரென்று, "கையில் வளையல் எங்கே?" என்று கேட்டாள். பாட்டி போட்ட இரண்டு வளையல்கள். முனைவர் பட்டம் பெற்ற நாளிலும் அவைதாம் அவள் கையில் இருந்தன. கழுவும்போது வழுக்குகிறது, கழற்றி வைத்திருக்கிறேன் என்றாள். என் மனைவி விடவில்லை. சிறிது நேரத்தில் உண்மை வெளிவந்தது. நவம்பர் முதல் ஐந்து மாதமாக அவளுக்கு உதவித்தொகை வரவில்லை. வாடகைக்கும் உணவுக்குமாக வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன.

"ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"பணம் வந்துவிடும் மாமா, எப்போது என்றுதான் தெரியாது. போன ஆண்டுக் கணக்கில் ஏதோ வட்டி ஒத்துவரவில்லையாம். கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "உங்கள் அலுவலகம் இல்லை மாமா. வேறு அலுவலகம்."

அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல் அது. எனக்கோ சோறு இறங்கவில்லை. வேறு அலுவலகம்தான், ஆனால் அங்கும் என்னைப் போன்ற ஒருவன், என்னைப் போன்றே வட்டியைக் கூட்டிப் பார்த்து, என்னைப் போன்றே பச்சை உறையில் திருப்பி அனுப்பியிருக்கிறான். நல்கைப் பணம் வங்கியில் ஈட்டும் வட்டியை அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது பொது நிதி விதி. வட்டி ஒத்துவராத கணக்கைத் திருப்பி அனுப்புவது எங்கள் அன்றாடப் பணி.

மறுநாள் அலுவலகம் சென்றதும் முதல் வேலையாக, நான் திருப்பி அனுப்பிய கோப்புகளின் பதிவேட்டை எடுத்தேன். தென்மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணக்கு கண்ணில் பட்டது. வட்டியில் 214 ரூபாய் வேறுபாடு. 'விளக்கம் தேவை' என்று என் கையெழுத்தில் குறிப்பு. விளக்கம் வர 49 நாட்கள். வந்த விளக்கத்தில் ஒரு கையொப்பம் இல்லாமையால் மீண்டும் திருப்பியிருந்தேன். கணக்கைப் புரட்டினேன். 'மனிதவளம்' என்னும் தலைப்பின் கீழ், 'ரிசர்ச் அசோசியேட் - 3' என்று இருந்தது. அவ்வரியை அதற்கு முன்னும் பலமுறை சரிபார்த்திருக்கிறேன். தொகை சரியாக இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று பேருடைய வாடகையும், மூன்று வீட்டுத் தொலைபேசிகளில் 'பணம் வந்ததா' என்னும் கேள்வியும் இருந்தன என்பது அன்றுதான் உறைத்தது.

அப்பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவின் தொலைபேசி எண் கோப்பின் முதல் தாளிலேயே இருந்தது. அழைத்தேன். என்னை ஒத்த வயதுடைய ஓர் எழுத்தர்தாம் பேசினார். மார்ச்சு 31க்குப் பின்னர் வங்கி வரவு வைத்த வட்டியைப் பழைய ஆண்டில் சேர்த்துவிட்டதாகச் சொல்லி வருந்தினார். திருத்திய படிவம் மாலைக்குள் மின்னஞ்சலில் வந்தது. பேசிய நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு.

விதி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இது மக்களின் வரிப்பணம். ஆய்வுக்கென்று வாங்கிய குளிர்ப்பெட்டி துறைத்தலைவர் அறையில் தேநீர்ப் பாலைக் காத்துக்கொண்டிருந்த கதைகளும் எங்களுக்குத் தெரியும். கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரே கேள்வியை ஐம்பது நாளில் தீரும்படியும் கேட்கலாம். ஒரு நாளில் தீரும்படியும் கேட்கலாம். எங்கள் பிரிவு அலுவலர் முதலில் தயங்கினார். "தொலைபேசிப் பேச்சு கோப்பில் ஏறாதே" என்றார். "பேசிய நாளையும் நேரத்தையும் குறிப்பில் எழுதிவிடுகிறேன் ஐயா, எழுத்து மூலமான விளக்கமும் பெற்றுவிடுகிறேன்" என்றேன். இசைந்தார். அன்று தொட்டு எங்கள் பிரிவில் சிறிய ஐயங்கள் தொலைபேசியில் தீர்கின்றன.

அகவிலைப்படி இல்லாத உலகம்

அதன் பின்னர்தான் ஆய்வாளர்க்குரிய ஆணைகளை முதன்முறையாக முழுதும் படித்தேன். பட்டம் பெற்ற ஆய்வாளர்க்கான முதற்படி உதவித்தொகை 2014 அக்டோபரில் 36,000 ரூபாயாக இருந்தது. 2019 சனவரியில் 47,000 ஆயிற்று. 2023 சனவரியில் 58,000 ஆயிற்று. இடைப்பட்ட நான்காண்டு, நான்காண்டு காலத்தில் ஒரு காசும் உயரவில்லை. அகவிலைப்படி அவர்களுக்கு இல்லை என்று ஆணையே கூறுகிறது. 2019ஆம் ஆண்டு உயர்வுங்கூட, நாடெங்கும் இளம் ஆய்வாளர்கள் தெருவுக்கு வந்து கேட்ட பின்னரே வந்தது.

2022 சூலையில் எங்களுடைய அகவிலைப்படி நூற்றுக்கு 38 ஆக இருந்தது. 2024 சனவரியில் 50 ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 சனவரி முதல் 2021 சூன் வரை, பதினெட்டு மாதம் அப்படி நிறுத்திவைக்கப்பட்டபோது நாங்கள் எவ்வளவு புலம்பினோம்! நாங்கள் பதினெட்டு மாதம் இழந்ததை அவர்கள் ஒருபோதும் பெற்றதே இல்லை.

இருக்கும் உரிமையும் பலருக்குத் தெரிவதில்லை. அவளுடன் பணியாற்றிய மற்றொரு பெண்ணாய்வாளர் கருவுற்றபோது, மகப்பேற்று விடுப்புக்கு வழியில்லை என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசு விதிப்படி அவ்விடுப்பு ஆய்வாளர்க்கும் உண்டு. ஆணையின் படியொன்றைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் விடுப்பு கிடைத்தது. மறுத்தவர் தீயவர் அல்லர். இந்த ஆணை அவர் மேசைக்கு வந்ததே இல்லை.

பிற இடங்களில்

இந்நிலையை உலகம் எவ்வாறு கையாண்டது என்று அறியும் ஆவல் எழுந்தது. அமெரிக்காவில் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகம் 1876ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோதே இளம் அறிஞர்களுக்கென இருபது உதவித்தொகைகளை ஏற்படுத்திற்று. கட்டடத்தை எழுப்புவதற்கு முன்னர் ஆளைத் தேடிய பல்கலைக்கழகம் அது எனலாம். பிற்காலத்தில் உயிர்மருத்துவ ஆய்வு பெருகப் பெருக, இவ்வாய்வாளர் தொகையும் பெருகிற்று. மாணவரும் அல்லர், பணியாளரும் அல்லர் என்னும் குறையும் அங்கும் எழுந்தது. 2003ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைந்தது. பல பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கென்றே தனி அலுவலகம் திறந்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் தொழிற்சங்கம் வழியே 2010இல் முதல் ஊதிய ஒப்பந்தம் பெற்றார்கள். 2022 நவம்பரில் மீண்டும் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு கண்டார்கள். ஆகவே அங்கும் எல்லாம் தேனாறு அன்று; கேட்டுப் பெற்றவையே மிகுதி.

நம்மவர் ஒருவர் கதையும் இங்கு நினைவுகூரத் தக்கது. வெங்கட்ராமன் இராமகிருட்டிணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்து, பெற்றோருடன் பரோடாவில் வளர்ந்தவர். நம் பிள்ளைகளைப் போலவே வேற்றூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. ஏல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூர் என்பாரிடம் இத்தகைய ஆய்வாளராக இருந்தபோதுதான் உயிரணுவில் புரதம் செய்யும் பட்டறையாகிய ரைபோசோமை அவர் முதன்முதலில் கையிலெடுத்தார். அக்காலம் முடியும் தறுவாயில் ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியப் பணி வேண்டி விண்ணப்பித்தார், ஒன்றும் கிட்டவில்லை. தேசிய ஆய்வுக்கூடங்களில் இடம் கிடைத்துத் தொடர்ந்தார். 2009இல் அதே ரைபோசோம் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். பரிசைக் கொண்டாடுகிறோம். பரிசுக்கு விதையூன்றிய காலத்தில் அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பட்டியலிலும் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் தீட்டும் தகுதி எனக்கில்லை. எழுத்தன் கண்ணுக்குத் தெரிபவை சிலவே. முதலாவது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் படிவங்களில் மாணவர், ஆசிரியர், அலுவலர் என்பவற்றோடு நான்காவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் அடையாள அட்டையும், நூலகமும், மருத்துவ நிலையமும், விடுதியும் தாமே வழிவிடும். இரண்டாவது, வெளியிலிருந்து வரும் பணம் தாழ்ந்தால், பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து உதவித்தொகையை மாதந்தோறும் முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஈடுசெய்துகொள்ள வேண்டும். நல்கைகளோடு நிறுவனத்தின் பொதுச்செலவுக்கென்றும் ஒரு பங்கு வருகிறதே, அது எதற்காக? மூன்றாவது, எதைக் கேட்பதென்றாலும் சென்று கேட்க ஒரு மேசையும், அதில் பெயர் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும்.

இனி நம் பங்கு. தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆய்வுக்கென்று வந்து தனியறை தேடி அலைகிறார்கள். சொந்த வீடு கட்டி மாடியறையை வாடகைக்கு விடும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர். 'என்ன உத்தியோகம்' என்று கேட்குமுன் ஒரு கணம் நின்று, 'என்ன ஆராய்ச்சி' என்று கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒருவேளைச் சோறு போட்டால் அதுவும் ஆராய்ச்சிக்குச் செய்யும் உதவியே. சோறு போடும்போது கையில் வளையல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அவளுடைய கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். நிலுவைத் தொகை மே மாதத்தில் வந்தது; வளையல்களை மீட்டோம். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் பேராசிரியரின் ஆய்வுப் பணமும் அதே கோப்பில் சிக்கியிருந்தமையால், வேண்டிய மருந்துப்பொருள் உரிய நாளில் வராமல் எலிகளின் சோதனை ஒன்று முழுதும் கெட்டுப்போயிற்று. மீண்டும் தொடங்க ஆகத்து வரை அவளுக்குக் காலம் போதவில்லை. பணம் வந்துவிட்டது, போன மாதங்களைத் திருப்பித் தர எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. அச்சோதனையை இப்போது வேறொரு மாணவி புதிதாகத் தொடங்கியிருக்கிறாள். இவள் 2024 செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்றுவிட்டாள். சென்ற மறுநாள் தொலைபேசியில் பேசினாள்.

"மாமா, முதல் நாளே அட்டை கொடுத்துவிட்டார்கள். எதற்கு யாரிடம் போக வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள்" என்றாள். பெரிய ஆய்வுக்கருவிகளைப் பற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அந்த அட்டையைப் பற்றியே நெடுநேரம் பேசினாள். மகிழ்ச்சியாகவும் இருந்தது, தலைகுனிவாகவும் இருந்தது. அட்டை செய்ய எவ்வளவு செலவாகும் என்பது எனக்குத் தெரியும்.

அன்றிரவே அக்காள் அழைத்தாள். "இப்போதாவது அவள் பார்ப்பது வேலைதானே?" என்று கேட்டாள்.

"வேலைதான் அக்கா. தில்லியில் பார்த்ததும் வேலைதான்" என்றேன்.

அக்காள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை நீ அப்போதே சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.